கண்ணும் ஓர் அமானிதம்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள். மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் பஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு வீட்டுப் படியேறிய நேரம். அடையாற்றில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மூத்த மகளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஸலாம் சொன்ன குரலிலேயே கலக்கம் தெரிந்தது.

“அத்தா, நேற்று இரவிலிருந்து இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வெட்டுகிறது. கரும்புள்ளிகள் கொசுக்கூட்டம்போல் மிதக்கின்றன. கசக்கினாலும் போகவில்லை.”

“மாமியிடம் சொன்னாயா, அம்மா?”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “கண்ணைப் பற்றி இங்கே யாரிடமும் பேசக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருந்தீர்கள், அத்தா?”

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கிதாபு ஓதிக்கொடுப்பவன் நான். குறையை மறைப்பது கூடாது என்று பாடம் நடத்திய இந்த நாவுதான், பெற்ற மகளிடம் மறைக்கச் சொன்னது. அந்த மறைப்பு எவ்வாறு பிறந்தது, பதினோரு ஆண்டுகளுக்குப் பின் என்ன விலை கேட்டது என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் என்று எண்ணியே, வெட்கத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு இதனை எழுதுகிறேன். மகளும் மருமகனும் இதற்கு இசைவு தந்துள்ளனர்.

அவளுக்கு ஏழு வயதிருக்கும். அலிஃப் பா கையேட்டை மூக்கில் உரசும்படி வைத்துக்கொண்டு ஓதுவாள். ஓதலின்மீது பிள்ளைக்கு இத்துணைப் பிரியமா என்று நானும் என் மனைவியும் பூரித்துப்போனோம். அது பிரியமல்ல, கிட்டப்பார்வை என்பதைப் பள்ளிக்கூடத்து ஆசிரியைதான் கண்டு சொன்னார். தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு கடையில் முதற் கண்ணாடி வாங்கினோம். ஆண்டுதோறும் அதன் பவர் ஏறிக்கொண்டே வந்தது. இருபது வயதில் வலக்கண் மைனஸ் 13, இடக்கண் மைனஸ் 14 டயாப்டர் என்று வந்து நின்றது. மைனஸ் 6ஐத் தாண்டினாலே அதனைக் கடுமையான கிட்டப்பார்வை என்பர் மருத்துவர். மைனஸ் 14 என்றால், கண்ணாடியைக் கழற்றிய பின் ஏழு சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவுமே தெளிவாகத் தெரியாது. நான்கு விரற்கடைத் தொலைவுதான் அவளுடைய உலகம். ஒளூச் செய்யக் கண்ணாடியைக் கழற்றிவைத்தால், அதை மீண்டும் கண்டெடுக்கக் கையால் தடவ வேண்டும்.

பெண் பார்க்க வந்தவர்கள் அவளுடைய ஓதலையும் படிப்பையும் கேட்டு மகிழ்ந்தார்கள். கண்ணாடியைப் பார்த்ததும் முகம் மாறினார்கள். “பிறக்கும் பிள்ளைக்கும் இப்படி வந்துவிடுமோ?” என்று ஒரு வீட்டார் வாய்விட்டே கேட்டனர். மூன்று சம்பந்தங்கள் இவ்வாறு கைநழுவியபின், கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்தும் சிகிச்சை ஒன்று உண்டு என்று நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டேன். சென்னை கண் மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற ஊர். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் வரலாறு 1819இல் தொடங்குகிறது. டாக்டர் பத்ரிநாத் 1978இல் நிறுவிய சங்கர நேத்ராலயாவும், கதீட்ரல் சாலையிலுள்ள அகர்வால் கண் மருத்துவமனையும் நாடறிந்தவை. ஆகவே நல்ல மருத்துவரைத் தேடி நெடுந்தொலைவு அலைய வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை. என் மனைவியின் காப்புகள் இரண்டை விற்று, 2012இல் நகரின் மருத்துவமனை ஒன்றில் அச்சிகிச்சையைச் செய்வித்தோம்.

லேசர்க் கதிரால் கண்ணாடியைத் தவிர்க்கும் முறை அன்றும் இருந்தது. அது அவளுக்கு ஏற்றதன்று என்றார் மருத்துவர். கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது. லேசர் முறையில் ஒவ்வொரு டயாப்டருக்கும் பத்து மைக்ரானுக்கு மேல் அதைச் செதுக்க வேண்டும். பதினான்கு டயாப்டருக்குச் செதுக்கினால் படலம் நலிந்துவிடும். எனவே படலத்தைச் செதுக்காமல், சுமார் மூன்று மில்லிமீட்டர் கீறல் வழியே மெல்லிய வில்லை ஒன்றைச் சுருட்டி உட்செலுத்தி, ஐரிஸ் என்னும் வண்ணத்திரைக்குப் பின்னும், இறைவன் படைத்த இயற்கை வில்லைக்கு முன்னும் அதை விரித்து வைக்கின்றனர். ஐ.சி.எல். என்ற சுருக்கப்பெயரால் இதனை வழங்குகின்றனர். கண்புரை நோயாளிக்கு வைப்பதும் செயற்கை வில்லைதான். ஆனால் அங்கே இயற்கை வில்லையை அகற்றிவிட்டு அதனிடத்தில் வைக்கின்றனர். இங்கே இயற்கை வில்லை இருந்தபடியே இருக்க, அதன்முன் மற்றொன்று காவல் நிற்கிறது. தேவைப்படின் அதனை வெளியே எடுத்துவிடவும் முடியும்.

சிகிச்சை முடிந்த மறுநாட் காலை நடந்ததை நான் மறக்கவியலாது. கண்விழித்தவள் மேலே பார்த்து, “அத்தா, மின்விசிறியின் இறக்கையில் தூசி இருக்கிறது” என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு என் மனைவி அழுதுவிட்டாள். இருபத்தோராண்டுகளில் விழித்தவுடன் வீட்டின் கூரையை அவள் கண்டது அன்றுதான் முதல்முறை.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் பொறுமையாகச் சில சொன்னார். “வில்லை பார்வையைத்தான் திருத்துகிறது, கண்ணைத் திருத்துவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வந்து காட்டவேண்டும்” என்பது அவற்றின் சாரம். வில்லையின் வகையும் அளவும் எழுதிய அட்டை ஒன்றையும் தந்தார். மகள் கண்ணாடியின்றி நின்ற மகிழ்ச்சியில் அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கிதாபு அலமாரியில் ஃபத்ஹுல் முஈன் நூலின் ஏடுகளுக்கிடையே வைத்தேன்.

அடுத்த ஆண்டே அடையாற்றிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. கண்ணைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா என்று மகள் கேட்டாள். “வேண்டாம். உன் கணவரிடமும் வேண்டாம். குறைதான் நீங்கிவிட்டதே, எதற்குப் பேச்சு?” என்றேன். என் மனச்சான்றை உறங்கவைக்கக் கிதாபே எனக்குத் துணையாயிற்று. ஷாஃபிஈ மத்ஹபில் நிக்காஹை முறிக்கும் உரிமை தரும் குறைகளை வரிசைப்படுத்தியிருக்கின்றார்கள்: பித்து, குஷ்டம், வெண்குஷ்டம், இன்ன பிற. முழுக் குருடுகூட அப்பட்டியலில் இல்லை. கிட்டப்பார்வையா வரப்போகிறது? ஆகவே மறைத்ததில் குற்றமில்லை என்று எனக்கு நானே ஃபத்வா வழங்கிக்கொண்டேன்.

ஆனால் அதே ஆண்டில் என் மாணவர்களுக்கு வணிகப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கடிந்த செய்தியை விளக்கிக்கொண்டிருந்தேன். மணப்பெண் கடைத்தெருப் பொருளல்லள். அதை நான் அறிவேன். நிக்காஹ் செல்லும் என்பதும் உண்மையே. எனினும், நிக்காஹ் செல்லுமா என்பது ஒரு கேள்வி. உள்ளதைச் சொன்னேனா என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் சேர்த்துப் பயன்படுத்திக்கொண்டேன். அந்தப் பிழை கிதாபினுடையதன்று, என்னுடையது.

நிற்க. அதன்பின் சென்ற ஆண்டுகள் நல்ல ஆண்டுகளே. அவள் இரு மக்களைப் பெற்றாள். மாமியாரின் அன்பைப் பெற்றாள். ஆனால் முதல் ஆண்டுக்குப் பிறகு கண்ணைக் காட்ட அவள் ஒருமுறைகூடச் செல்லவில்லை. கூட்டுக் குடும்பத்தில் மருத்துவமனைக்குப் புறப்பட்டால் எங்கே, எதற்கு என்று கேட்பார்கள் அன்றோ? பார்வையும் தெளிவாகவே இருந்ததால் நாங்களும் வற்புறுத்தவில்லை. மறைக்கப்பட்ட குறை, காலப்போக்கில் மறக்கப்பட்ட குறையாயிற்று.

அந்தச் செப்டம்பர்க் காலையில் ஆட்டோ பிடித்து, திரு.வி.க. பாலத்தைக் கடக்கும்போது, சம்பந்தி வீட்டாரிடம் சொல்லவேண்டியவற்றை மனத்துக்குள் கோத்துக்கொண்டே போனேன். ஆலிம் என்ற மரியாதையுடன் பதினோரு ஆண்டுகளாக என்னை நடத்திய வீடு அது. மருமகனையும் அவர் தாயாரையும் அமரச்செய்து, கிதாபு அலமாரியிலிருந்து எடுத்து வந்த அட்டையை அவர்கள் முன் வைத்து, உள்ளதைச் சொன்னேன். மருமகன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் தாயார்தான் பேசினார்.

“ஹஜ்ரத், எனக்கும் புரை எடுத்து இரண்டு கண்ணிலும் லென்ஸ்தான் வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் இவள்தானே என் கையைப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள்? சொல்லியிருந்தால் அதே டாக்டரிடம் இவள் கண்ணையும் காட்டியிருப்போமே!”

அவர் என்னைக் கடிந்திருந்தால் தாங்கியிருப்பேன். மாமியாரின் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்றும்வரை அருகில் நின்று, தன் கண்ணைக் காட்ட வாயின்றித் திரும்பி வந்த மகளை நினைத்தபோதுதான் எனக்கு விடை சொல்ல முடியவில்லை.

அன்று முற்பகலிலேயே மருத்துவமனை சென்றோம். பாப்பாவை விரிவாக்கும் மருந்திட்டுப் பார்த்ததில், இடக்கண்ணின் விழித்திரை ஓரத்தில் ஒரு கிழிசல் இருப்பது தெரிந்தது. விழித்திரை கழன்றுவிடவில்லை. கிழிசலைச் சுற்றி லேசரால் தையல் போட்டாற்போல் அரண் அமைத்தனர். அல்லாஹ்வின் அருளால் பார்வை தப்பியது. கிழிசலின் வழியே நீர் புகுந்து விழித்திரை கழன்றிருந்தால் பெரிய அறுவையே தேவைப்பட்டிருக்கும். விழித்திரையின் நடுப்பகுதியும் கழன்றிருந்தால் இழந்த பார்வை முழுதும் திரும்புமென்று எவரும் உறுதி சொல்லார். மின்னலும் புதிய கரும்புள்ளிகளும் தோன்றிய நாளிலேயே ஓடிவரவேண்டும் என்பதை அன்று நான் கற்றேன்.

“இந்தக் கிழிசலை வில்லையா உண்டாக்கியது?” என்று கேட்டேன். அவ்வாறு பழிசொல்வதற்கில்லை என்று மருத்துவர் விளக்கினார். சாதாரணக் கண் முன்னும் பின்னுமாகச் சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுடையது. கடுமையான கிட்டப்பார்வை உள்ள கண்ணோ 26 மில்லிமீட்டருக்கும் மேலாக நீண்டுவிடுகிறது. நீண்ட கண்ணின் உட்புறத்தில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. முன்னால் எத்தகைய வில்லையை வைத்தாலும் அந்த நீளம் குறைவதில்லை. மெலிந்த திரை தடிப்பதுமில்லை. வெளியே கண்ணாடி இருந்த காலத்தில், இது நோயுற்ற கண் என்று அக்கண்ணாடியே நாள்தோறும் நினைவூட்டிற்று. அது போனபின் நினைவூட்ட ஒன்றுமில்லை. மேலே உலர்ந்து உள்ளே நனைந்திருந்த அந்தத் தானியக் குவியல் என் நினைவுக்கு வந்தது.

அன்றைய சோதனையில் வேறு இரண்டும் தெரியவந்தன. வலக்கண்ணில், பொருத்திய வில்லைக்கும் இயற்கை வில்லைக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி குறைந்து, இயற்கை வில்லையின் முன்புறத்தில் மெல்லிய மங்கல் படர்ந்திருந்தது. பார்வையைக் கெடுக்கும் அளவுக்கு அது வளரவில்லை. மற்றொன்று, கருவிழிப் படலத்தின் உட்புற உயிரணுக்கள் பற்றியது. படலம் தெளிவாக இருக்க, நீரை வெளியே இறைத்துக்கொண்டேயிருக்கும் உயிரணுக்கள் இவை. இளமையில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 முதல் 3,000 வரை இருக்கும். இறந்தவற்றுக்கு ஈடாகப் புதியன தோன்றுவதில்லை. வில்லை வைக்காத கண்ணிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைவது இயல்பு. என் மகளுக்கு 2012இல் 2,800ஆக இருந்தது 2024இல் 2,300ஆக இருந்தது. அஞ்சுவதற்கில்லை, ஆனால் எண்ணிக்கொண்டே வரவேண்டும் என்றார் மருத்துவர்.

அதன்பின் இத்துறை பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் மருமகனின் துணையுடன் வாசிக்கலானேன். கிட்டப்பார்வைக்காகக் கண்ணுள் வில்லை வைக்கும் எண்ணம் புதியதன்று. 1950களிலேயே இத்தாலியின் ஸ்டிராம்பெல்லி இதை முயன்றார். ஸ்பெயினின் பாரக்கரும் முயன்றார். அன்றைய வில்லைகள் கருவிழிப் படலத்துக்கு மிக அருகே நின்று உயிரணுக்களை அழித்ததால், பலவற்றைப் பின்னர் அகற்ற நேர்ந்தது. 1986இல் மாஸ்கோவின் ஃபியோதரோவ் வண்ணத்திரைக்குப் பின்னே வைக்கும் சிலிகோன் வில்லையை அமைத்தார். அதே காலத்தில் ஹாலந்தின் வோர்ஸ்ட், வண்ணத்திரையைக் கொடுக்கால் பற்றிக்கொள்ளும் வில்லையை இந்நோய்க்குப் பயன்படுத்தினார். கொலாஜன் கலந்த மென்பொருளால் ஆன வில்லையை 1993இல் பொருத்தத் தொடங்கினர். அமெரிக்க அரசு அதற்கு 2005 டிசம்பரில் ஒப்புதல் வழங்கிற்று. இன்று நம் நாட்டில் குஜராத்தின் வடோதரா அருகிலும் இத்தகைய வில்லைகள் உருவாகின்றன. முன்னறையின் ஓரங்களில் தாங்கி நிற்கும் வகை வில்லைகளோ, ஆண்டுகள் சென்றபின் உயிரணு இழப்பு மிகுவதாகக் கண்டு சந்தையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விலக்கப்பட்டன. முதலாண்டில் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் பார்த்தவர்களே உண்மையைக் கண்டனர்.

என் மகளுக்கு வைத்த வகையைப் பற்றி இரு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்க ஒப்புதலுக்காக 526 கண்களில் நடந்த ஆய்வைத் தொடர்ந்து கவனித்ததில், ஏழாண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 6 விழுக்காட்டுக் கண்களில் மங்கலும், ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காட்டில் பார்வையைப் பாதிக்கும் புரையும் காணப்பட்டன. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் 133 கண்களைப் பத்தாண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கவலை தருவது. பத்தாம் ஆண்டில் சுமார் 55 விழுக்காட்டில் ஏதோ ஓரளவு மங்கல். சுமார் 18 விழுக்காட்டில் புரை அறுவை. இரண்டுமே நடுவில் துளையில்லாத பழைய அமைப்பைப் பற்றியவை. கண்ணுக்குள் ஊறும் நீர் தடையின்றி ஓட, அன்று வண்ணத்திரையில் லேசரால் துளையிடுவார்கள். என் மகளுக்கும் அவ்வாறே செய்தனர். 2011இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற புதிய அமைப்பில், வில்லையின் நடுவிலேயே நுண்துளை இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் ஷிமிசுவின் கருத்தில் உதித்தது அது. அத்துளை வழியே நீர் ஓடி இயற்கை வில்லையை நனைத்துக்கொண்டிருப்பதால், புரை மிகவும் குறைந்துள்ளது. ஆகவே பழைய கணக்கைக் காட்டிப் புதியதை அஞ்சவேண்டியதில்லை. ஆனால் பழையதைத் தாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் இன்று நாற்பதை நெருங்குபவர்களாகவும் கடந்தவர்களாகவும் இருப்பர். அவர்களுக்காகவே இவ்வளவும் சொல்கிறேன். புரை முற்றினாலும் வழி உண்டு: பொருத்திய வில்லையையும் புரையையும் ஒரே அமர்வில் அகற்றி, கண்புரை வில்லையை வைத்துவிடலாம். காலத்தே காண்பவர்களுக்கு இது பெருங்கேடன்று.

இதனை வாசிக்கையில், கண்ணின் உறுப்புகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் அடிக்கடி நினைவில் எழுந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் வரைந்தார். விழித்திரைக்கு ஷபகிய்யா, வலைபோன்றது என்பர். கருவிழிப் படலத்துக்குக் கர்னிய்யா, கொம்புபோன்றது. இயற்கை வில்லைக்கு ஜலீதிய்யா, பனிக்கட்டிபோன்றது. பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே பார்வை உண்டாகிறது என்று இப்னுல் ஹைதம் கிதாபுல் மனாழிரில் நிறுவினார். கிட்டப்பார்வைக்கு இன்றைய அரபு மருத்துவர் வழங்கும் சொற்களில் ஒன்று ஹஸர். ஸூரத்துல் முல்க்கின் நான்காம் வசனத்தில் வானைத் துருவிப் பார்த்துக் களைத்துத் திரும்பும் பார்வைக்கு வந்துள்ள ஹஸீர் என்ற சொல்லும் இவ்வேரிலிருந்தே பிறந்தது. நாள்தோறும் இரவில் அந்த ஸூராவை ஓதியும், களைத்த அந்தக் கண்ணை என் வீட்டிலேயே நான் கவனித்தேனில்லை.

இச்சிகிச்சை பற்றி நம் பெண்கள் கேட்கும் ஐயங்களுக்கும் சுருங்க விடை சொல்லிவிடுகிறேன். இது படைப்பை மாற்றுவதன்று. நோய்க்குச் செய்யும் மருத்துவம். ஒளூவிலும் குளிப்பிலும் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையன்று. ஆகவே உள்ளிருக்கும் வில்லையால் தூய்மைக்குத் தடையில்லை. அறுவைக்குப் பின் சில நாட்கள் கண்ணில் நீர் படலாகாது என்று மருத்துவர் சொன்னால், கழுவ முடிந்ததைக் கழுவி, முடியாத பகுதிக்குத் தயம்மும் செய்வது ஷாஃபிஈ முறை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கண்ணில் நீர் இறங்கியபோது, பல நாட்கள் ஸஜ்தாவின்றி மல்லாந்து கிடந்தால் குணமாக்கலாம் என்று சொல்லப்பட்டதும், தோழர்களைக் கலந்து அவர்கள் அதனைத் தவிர்த்ததும் நம் நூல்களில் உள்ள செய்தி. ஆயினும் நம்பத்தகுந்த மருத்துவர் மல்லாந்து தொழச் சொன்னால் அவ்வாறு தொழலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதிவைத்தார்கள். கண்ணைக் காப்பதற்கு மார்க்கம் தந்த சலுகை அது. அந்தச் சலுகையைச் சொல்லித்தரும் நானே, கண்ணைக் காப்பதற்கு வேண்டிய ஓர் உண்மையைச் சொல்லாதிருந்தேன்.

எனவே இவ்வில்லையை வைத்துக்கொண்ட பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுவே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருந்திட்டு விழித்திரையைப் பார்க்கச் செய்யுங்கள். உயிரணுக்களை எண்ணச் செய்யுங்கள். வில்லையின் இடைவெளியையும் கண்ணழுத்தத்தையும் அளக்கச் செய்யுங்கள். வில்லையின் அட்டையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பிறந்த வீட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிக்காஹுக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். சொன்னதற்காக விலகும் சம்பந்தம் விலகட்டும். புகுந்த வீட்டில் தன் கண்ணைப் பற்றி வாய்திறக்க முடியாத பெண்ணுக்கு எத்துணை நல்ல மருத்துவராலும் உதவ முடியாது. பெண் பார்க்கச் செல்வோருக்கும் ஒரு சொல்: ஒரு பெண்ணின் கண்ணாடியைக் கண்டு நாம் முகம் சுளிப்பதே இத்தகைய மறைப்புகளுக்குத் தாய். நான் செய்தது என் குற்றமே. எனினும் அக்குற்றத்திற்கு வாசலைத் திறந்துவைத்தது நம் சமுதாயத்தின் வழக்கமன்றோ?

இப்போது என் மகளும் அவள் மாமியாரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தே மருத்துவமனைக்குச் செல்கின்றனர். இருவருக்கும் மருந்திட்டு, இருவரும் கண்ணை மூடி அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பார்களாம். மருமகன் ஒரு மாத காலம் என்னிடம் சற்று விலகியே இருந்தார். அது அவர் உரிமை. பிறகு ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவரே வந்து என் கையைப் பற்றிக்கொண்டார்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுக்கும் கிட்டப்பார்வை வந்திருக்கிறது, மைனஸ் 3. அவள் மூக்கில் கண்ணாடி ஏறிய அன்று, அது நழுவாதிருக்க அவள் பாட்டியார் கறுப்புக் கயிறு ஒன்றைக் கோத்துக் கட்டிவிட்டார். நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் வெளியே வெளிச்சத்தில் பிள்ளைகள் விளையாடுவது இக்குறை வராமல் தடுக்கத் துணைசெய்யும் என்று மருத்துவர் சொல்கின்றனர். வந்துவிட்ட பிள்ளைக்கும் அதில் நன்மையுண்டு என்று எண்ணி, அஸருக்குப் பின் அவளையும் தம்பியையும் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது இப்போது என் பொறுப்பு. சென்ற வாரம் ஒருவர் எங்களைக் கடந்து செல்கையில், “இந்தச் சின்னப் பிள்ளைக்கா இவ்வளவு பெரிய கண்ணாடி?” என்று கேட்டார். “ஆம், இவள் தாய்க்கும் இருந்தது” என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளாக வராத சொல், அன்று தடையின்றி வந்தது.

பார்வையைத் தந்தவன் அதன் அமானிதத்தைப் பேணும் அறிவையும், உள்ளதை உள்ளவாறு சொல்லும் துணிவையும் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.